ஆண்டுக்கு நூறு கோடி வாங்கும் கோல்கீப்பர்: ஐஸ் ஹாக்கியில் வலைக்கு முன் நிற்பவரின் பிழைப்பு

2025 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் ஆண்கள் ஜூனியர் உலகக்கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போனவர்களில் பலர் அப்போதுதான் ஒரு ஹாக்கி கோல்கீப்பரைப் பக்கத்தில் பார்த்திருப்பார்கள். மெத்தையைச் சுற்றிக் கட்டியதுபோல் அசைந்து அசைந்து நடந்துவந்து, வலைக்கு முன் குனிந்து நின்று, சீறி வரும் பந்தைக் காலால் எற்றிவிடுகிற ஆள். அந்தச் சூடு ஆறுவதற்குள் 2026 பிப்ரவரியில் மிலான்-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக் வந்தது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். தன் வீரர்களை 2014க்குப் பிறகு முதல்முறையாக அனுப்ப ஒப்புக்கொண்ட ஒலிம்பிக் அது.

என்.எச்.எல். என்ற பேச்சு வந்தால் சம்பளப் பேச்சும் கூடவே வரும். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி தன் கோல்கீப்பர் இகோர் ஷெஸ்டெர்கினோடு 2024 டிசம்பரில் எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மொத்தம் 9.2 கோடி டாலர், சராசரியாக ஆண்டுக்கு 1.15 கோடி டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ நூறு கோடி ரூபாய். வருவதைத் தடுக்கிற ஆளுக்கு நூறு கோடியா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இதே லீக்கில், அந்த ஆண்டின் இளைஞர்களிலேயே சிறந்தவர் என்று முதலாவதாகத் தேர்வான கோல்கீப்பர் காணாமல் போயிருக்கிறார். 205ஆவதாகத் தேர்வானவர் சரித்திரம் படைத்திருக்கிறார். பனித்தள வண்டி ஓட்டிக்கொண்டிருந்த 42 வயதுக்காரர் ஒரு ராத்திரி இறங்கி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்திருக்கிறார். வேறெந்த வேலையில் இப்படி நடக்கும்?

மற்ற ஆட்டக்காரர்களின் தொழில் ஏணி மாதிரி. நன்றாக ஆடினால் ஒரு படி மேலே. கோல்கீப்பர் தொழில் ரேஷன் கடை வரிசை மாதிரி. இருப்பது ஒரே ஜன்னல். முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு வழி. இடம் குறைவு, பழுக்க நாளாகும், திறமையை அளப்பது கடினம். இந்த மூன்றும் சேர்ந்துதான் நூறு கோடியையும் உண்டாக்குகின்றன, காணாமல் போவதையும் உண்டாக்குகின்றன.

ஆங்கிலத்தில் இவர்களைச் செல்லமாக ‘கோலி’ என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் கோலிக்குண்டும் விராட் கோலியும் குறுக்கே வந்து நிற்பார்கள் என்பதால் இங்கே கோல்கீப்பர்தான்.

முதலில் ஆட்டம்

என்.எச்.எல். தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஓர் அணிக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர் தளத்தில். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் ‘பக்’ என்ற ரப்பர் வில்லை. மெதுவடை அளவுதான்: குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், ஓட்டை மட்டும் கிடையாது. கெட்டி ரப்பர். பனியில் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே உறையவைத்து எடுத்து வருவார்கள். எடை 156 முதல் 170 கிராம். ரேஸ்கோர்ஸில் நாம் பார்த்த ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம். இரண்டுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வலையில்தான் வித்தியாசம். புல்தரை ஹாக்கியின் கோல் 12 அடி அகலம், 7 அடி உயரம். ஐஸ் ஹாக்கியின் கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். 84 சதுர அடிக்கு எதிராக வெறும் 24 சதுர அடி. இதைக் கேட்டதும் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் ஐஸ் ஹாக்கியில் வலை தளத்தின் கடைசியில் இல்லை. கடைசிச் சுவருக்கு 11 அடி முன்னால் இருக்கிறது. வலைக்குப் பின்னாலும் ஆட்டம் நடக்கும். கோல்கீப்பரின் முதுகுப்பக்கம் ஒருவர் பக்கோடு சுற்றிக்கொண்டிருப்பார், முன்பக்கம் இன்னொருவர் மட்டையை ஓங்கிக்கொண்டு காத்திருப்பார். புல்தரை கோல்கீப்பருக்கு இந்தத் தலைவலி இல்லை.

பார்த்துவிட்டுத் தடுக்க நேரம் கிடையாது

2012இல் என்.எச்.எல். ஆல்-ஸ்டார் திறன் போட்டியில் ஸ்டெனோ சாரா அடித்த அடியின் வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர். அது நின்று நிதானமாக அடித்தது. ஆட்டத்துக்குள் 140 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 39 மீட்டர். 6 மீட்டர் தூரத்திலிருந்து அடித்தால் பக் வலைக்கு வந்துசேர 0.15 நொடி. கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, கை அசையத் தொடங்கவே மனிதருக்கு 0.2 நொடி ஆகும். அதாவது, பார்த்த பிறகு கையை நீட்டினால் பக் ஏற்கெனவே வலைக்குள் கிடக்கும்.

அப்புறம் எப்படித் தடுக்கிறார்கள்? அடிப்பதற்கு முன்பே சரியான இடத்தில் போய் நின்றுவிடுகிறார்கள். வேலையில் பெரும்பங்கு இதுதான்.

மாசி வீதியில் நின்று மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் பாருங்கள். கையை முழுதாக நீட்டி உள்ளங்கையைக் காட்டினால் கோபுரத்தின் ஒரு பகுதிதான் மறையும். கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் 160 அடிக்கு மேற்பட்ட கோபுரம் முழுக்க மறைந்துவிடும். பக்கின் கண்ணிலிருந்து பார்த்தால் கோல்கீப்பரும் அப்படித்தான். வலையை ஒட்டி நின்றால் அவர் 183 சென்டிமீட்டர் அகலத்தைக் காக்க வேண்டும். 6 மீட்டர் தூரத்திலிருந்து அடிக்கிறவரை நோக்கி ஒன்றரை மீட்டர் முன்னேறி வந்தால், காக்க வேண்டிய அகலம் 137 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கால்வாசி வலை கணக்கிலேயே காணாமல் போகிறது.

முன்னேறி வந்தால் ஆபத்தும் உண்டு. அடிக்கப்போவதுபோல் பாவனை செய்து, பக்கத்தில் நிற்கும் சகாவுக்குத் தள்ளிவிட்டால் பின்னால் வலை திறந்து கிடக்கும். எப்போது முன்னேறலாம், எப்போது பின்வாங்க வேண்டும், இந்த ஆள் அடிப்பானா தள்ளுவானா என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான அடிகளைப் பார்த்த பிறகுதான் பிடிபடும். 19 வயதில் உச்சத்தைத் தொடும் முன்கள ஆட்டக்காரர்கள் உண்டு. கோல்கீப்பர்கள் பெரும்பாலும் இருபத்தைந்தை ஒட்டித்தான் நிலைபெறுகிறார்கள்.

முட்டி போட்டு விழும் வித்தை

பக் பெரும்பாலும் பனியை ஒட்டித்தான் வரும். அதனால் இரு முட்டிகளையும் உள்பக்கமாக மடக்கிப் பனியில் விழுந்து, கால்களை இரு பக்கமும் விரித்து வலையின் அடிப்பாகத்தைச் சுவர்போல் அடைக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சி இறகு விரித்த மாதிரி இருப்பதால் பெயரே ‘பட்டர்ஃபிளை’. 1950களில் கிளென் ஹால் இதற்கு அடிபோட்டார். 1980களில் மான்ட்ரியல் அணியின் பாட்ரிக் ருவா, பயிற்சியாளர் பிரான்சுவா அலேரோடு சேர்ந்து இதை முறையான பாடமாகவே ஆக்கினார். இன்று சின்னப் பிள்ளைகளும் இதைத்தான் கற்கிறார்கள்.

இதற்கு விலை இடுப்பில் விழுகிறது. முட்டியை உள்ளே திருப்பி, இடுப்பெலும்புக் குழிக்குள் தொடையெலும்பை முறுக்கி ஒரு நாளைக்கு நூறு தடவை விழுந்து எழுந்தால் மூட்டின் விளிம்பு தேயும், கிழியும். இடுப்பு அறுவை சிகிச்சை இந்தத் தொழிலில் வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகுவலி மாதிரி. இத்தனைக்கும் உடம்பில் ஏறத்தாழ 20 கிலோ கவசம். தளம் பனிதான் என்றாலும் உள்ளே சித்திரை வெயில். ஆட்டம் முடிந்து கவசத்தைக் கழற்றினால் இரண்டு கிலோ குறைந்திருப்பது சாதாரணம்.

முகத்தைக் காட்டிக்கொண்டு நின்ற காலம்

இடம் குறைந்த தொழிலில் ஆட்கள் எதையெல்லாம் பொறுத்துக்கொள்வார்கள் என்பதற்கு முகமூடியின் கதை சாட்சி. 1942 முதல் 1967 வரை என்.எச்.எல்.இல் மொத்தம் ஆறே அணிகள். ஓர் அணிக்கு ஒரு முழுநேரக் கோல்கீப்பர். உலகத்திலேயே உயர்ந்த மட்டத்தில் இந்த வேலை ஆறே ஆறு. காயம் என்று உட்கார்ந்தால் கீழ் லீக்கில் காத்திருக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்வார். முகமூடி போட்டால் பார்வை மறைக்கும், பயந்தவன் என்று பெயர் வரும். அதனால் வெறும் முகத்தோடு நின்றார்கள்.

1959 நவம்பர் 1. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட்டின் முகத்தில் நேராக வந்து விழுந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட உள்ளே கூட்டிப்போய்த் தையல் போட்டார்கள். பிளான்ட் பயிற்சியில் மட்டும் கண்ணாடியிழை முகமூடி ஒன்றைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் போடக்கூடாது என்பது பயிற்சியாளர் டோ பிளேக்கின் கண்டிப்பு. அன்றைக்கு முகமூடி இல்லாமல் திரும்பி இறங்க மாட்டேன் என்று பிளான்ட் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அணியோடு மாற்று கோல்கீப்பர் வருவது கிடையாது; பிளேக்குக்கு வேறு வழியில்லை. பிளான்ட் முகமூடியோடு இறங்கினார், மான்ட்ரியல் 3-1 என்று ஜெயித்தது. அதன்பின் ஒரே ஓர் ஆட்டத்தைத் தவிர அவர் அதைக் கழற்றவில்லை. கடைசியாக முகமூடி இல்லாமல் என்.எச்.எல்.இல் ஆடியவர் ஆண்டி பிரவுன், 1974இல். புத்தி வர ஊருக்கே பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொரு பக்கம் மேலே சொன்ன அதே கிளென் ஹால். 1955 முதல் 1962 வரை தொடர்ச்சியாக 502 ஆட்டங்கள், ஒன்றைக்கூட விடாமல், முகமூடி இல்லாமல். ஆட்டத்துக்கு முன் பதற்றத்தில் வாந்தி எடுப்பது அவருக்கு வழக்கமாகவே இருந்தது. சாதனைப் பட்டியலில் 502 மட்டும்தான் இருக்கிறது.

வரிசை எப்படி நகர்கிறது

இப்போது அணிகள் 32. ஓர் ஆட்டத்துக்கு 18 ஆட்டக்காரர்களும் 2 கோல்கீப்பர்களும் சீருடை அணிவார்கள். ஆக, உலகத்தின் உச்ச லீக்கில் 64 இடங்கள். அதிலும் தொடக்கத்திலிருந்து ஆடுகிறவர்கள் 32 பேர்தான். ஒரு கனடாப் பையன் அந்த 32க்குள் வருவதற்குப் போகிற வழி இது:

1. எட்டு ஒன்பது வயதில் கவசத்தைக் கட்டுகிறான். வளர வளரக் கவசத்தையும் மாற்ற வேண்டும். வீட்டில் யாராவது கோல்கீப்பர் ஆகப்போகிறேன் என்றால் அப்பா பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது கனடாவிலும் உண்டு.

2. 16 முதல் 20 வயது வரை ஜூனியர் லீக், அல்லது அமெரிக்கக் கல்லூரி அணி. ஐரோப்பியப் பையன்கள் சொந்த நாட்டுக் கழகங்களிலேயே வளர்கிறார்கள்.

3. 18 வயதில் ‘டிராஃப்ட்’. அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். 7 சுற்று, சுற்றுக்கு 32 பேர், மொத்தம் 224. ஐ.பி.எல். ஏலம்போல் பணம் கட்டி எடுப்பது கிடையாது. அந்தப் பையனோடு பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை மட்டும் கைக்கு வரும்.

4. தேர்வான கையோடு மேலே போகிறவர்கள் அபூர்வம். அடுத்த மட்டம் ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். பல கோல்கீப்பர்களுக்கு வாழ்க்கையில் பாதி இங்கேயே கழிகிறது. இங்கே ‘இருவழி ஒப்பந்தம்’ என்று ஒன்று உண்டு: மேல் லீக்கில் இருக்கும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழ் லீக்கில் இருக்கும் நாளுக்கு வேறு சம்பளம். 2025-26இல் என்.எச்.எல். குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 7.75 லட்சம் டாலர். கீழே இறக்கினால் அதில் சிறு பங்குதான். மேலே இருப்பவருக்குத் தொடை பிடித்துக்கொண்டால் ராத்திரியோடு ராத்திரியாக விமானம் ஏற வேண்டும். அவர் தேறிவிட்டால் மறுபடி பெட்டியைக் கட்ட வேண்டும்.

5. மாற்று கோல்கீப்பர். பெஞ்சின் ஓரத்தில் தொப்பியோடு உட்கார்ந்து கதவைத் திறந்துவிடுகிற ஆள். ஒரு தொடரில் 82 ஆட்டங்கள் (2026-27 முதல் 84). அடுத்தடுத்த நாளில் ஆட்டம் வந்தால் இரண்டாவது நாள் இவருக்கு. முன்பெல்லாம் அதுவும் கிடையாது. நியூ ஜெர்ஸியின் மார்ட்டின் புரோடர் 2006-07இல் 82இல் 78 ஆட்டங்கள் ஆடினார். இப்போது முதல்நிலை கோல்கீப்பருக்கே 60 ஆட்டம் என்றால் அதிகம் என்கிறார்கள். இடுப்புக்கு ஓய்வு வேண்டும் என்ற ஞானம் வந்தபின் மாற்று ஆளின் மதிப்பு ஏறியிருக்கிறது.

6. முதல்நிலை. இங்கே வந்துவிட்டால் சிலர் இருபது ஆண்டு நகர்வதே இல்லை. புரோடர் மொத்தம் 1,266 ஆட்டம், 691 வெற்றி, ஒரு கோல்கூட விடாத ஆட்டங்கள் 125. மூன்றும் சாதனைகள். அவர் நின்ற காலமெல்லாம் அதே அணியில் பின்னால் காத்திருந்தவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

2000ஆம் ஆண்டு டிராஃப்ட்

நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு அந்த ஆண்டு முதல் வாய்ப்பு. அவர்களிடம் ஏற்கெனவே ராபர்ட்டோ லுவாங்கோ என்ற இளம் கோல்கீப்பர் இருந்தார். ஆனாலும் ரிக் டிபியெட்ரோ மேல் அவர்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. அதே நாளில் லுவாங்கோவை ஃபுளோரிடாவுக்கு அனுப்பிவிட்டு டிபியெட்ரோவை முதலாவதாக எடுத்தார்கள். 2006இல் 15 ஆண்டுக்கு 6.75 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டார்கள்.

அதே டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 205ஆவது பெயராக, ரேஞ்சர்ஸ் அணி ஒரு சுவீடன் பையனை எடுத்தது. ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். அவர் 2005 வரை ஊரை விட்டு வரவே இல்லை. ஃபுரோலுண்டா கழகத்திலேயே ஆடிப் பழுத்து, 23 வயதில் நியூயார்க் வந்தார்.

முடிவு: டிபியெட்ரோவை இடுப்பு, முட்டி, தலை என்று காயங்கள் துரத்த, மொத்தம் 318 ஆட்டங்களோடு நின்றார். 2013இல் ஐலண்டர்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது; அந்தக் கணக்கில் 2029 வரை ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. லுண்ட்க்விஸ்ட் 887 ஆட்டம், 459 வெற்றி, 2023இல் ஹாக்கி புகழ்மண்டபம். அனுப்பிவிட்ட லுவாங்கோ 1,044 ஆட்டம், 489 வெற்றி, அவரும் புகழ்மண்டபம்.

ஐலண்டர்ஸ்காரர்கள் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் டொமினிக் ஹாஷெக் 1983இல் 199ஆவதாகத் தேர்வானவர், 25 வயதில்தான் என்.எச்.எல்.இல் காலடி வைத்தார். பிறகு 1997, 1998 இரு ஆண்டுகளும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். டிம் தாமஸ் 1994இல் 217ஆவது. பின்லாந்து, சுவீடன், கீழ் லீக் என்று சுற்றி 31 வயதில்தான் பாஸ்டனில் நிலைத்தார். 37 வயதில், லீக்கை வெல்லும் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை. எல்லா அணியும் தடுமாறுகிறது என்றால் தடுமாற்றம் ஆட்களிடம் இல்லை, அளவுகோலில் இருக்கிறது.

ஐம்பதில் ஒன்று

கோல்கீப்பரை அளக்கும் முக்கிய எண் ‘தடுப்பு விகிதம்’. வலையை நோக்கி வந்த அடிகளில் எத்தனை சதவீதத்தைத் தடுத்தார் என்பது. 30 அடி வந்து 27ஐத் தடுத்தால் 90 சதவீதம். கேட்பதற்கு மார்க் ஷீட் மாதிரி பிரமாதமாக இருக்கிறது. இந்த லீக்கில் 90 என்பது சுமார். 92 என்றால் சிலை வைப்பார்கள். 88 என்றால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள்.

90க்கும் 92க்கும் நடுவே இருப்பது ஐம்பது அடிக்கு ஒரு பக். பார்வையாளர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் 60 ஆட்டம், ஆட்டத்துக்கு 30 அடி, மொத்தம் 1,800 அடி என்று பெருக்குங்கள். ஒருவர் 180 கோல் விடுகிறார், இன்னொருவர் 144. தொடர் முடிவில் 36 கோல் வித்தியாசம். எந்த முன்கள நட்சத்திரமும் தனியொருவராக அணிக்கு இவ்வளவு கூட்டிக்கொடுப்பது அபூர்வம். ஷெஸ்டெர்கினின் நூறு கோடிக்கு விளக்கம் பெரும்பாலும் இந்த ஒரு கழித்தல் கணக்கில் இருக்கிறது.

சரி, அப்படியானால் 92 எடுக்கிற பையனைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். உண்மைத் திறமை 91 சதவீதம் உள்ள ஒருவர் 20 ஆட்டம் ஆடுகிறார் என்று வையுங்கள். 600 அடி. கணக்குப்படி 54 கோல் விட வேண்டும். ஆனால் யார் காலிலோ பட்டுத் திரும்பியது, கம்பத்தில் பட்டு உள்ளே போனது, வெளியே போனது என்ற தற்செயலே அந்த எண்ணை ஏழு மேலும் கீழும் ஆட்டிவிடும். 47 விட்டால் 92.2 சதவீதம், பத்திரிகைகள் மேதை என்று எழுதும். 61 விட்டால் 89.8, கீழ் லீக். ஆள் ஒருவரே, திறமையும் ஒன்றே. கீழே போனவருக்கு மறுபடி 20 ஆட்டம் கொடுத்துப் பார்க்க வலையில் இன்னோர் இடம் கிடையாது. முன்கள ஆட்டக்காரர் சொதப்பினால் மாறி மாறி இறங்கும் நான்கு வரிசைகளில் கடைசியிலாவது ஐந்து நிமிடம் கிடைக்கும்; கோல்கீப்பருக்கு ஒன்று முழு ஆட்டம், இல்லையென்றால் பெஞ்ச்.

18 வயதுப் பையனை, வேறு லீக்கில், வேறு தடுப்பாளர்களுக்குப் பின்னால் பார்த்து மதிப்பிடுவது இதைவிட மோசம். அணிகள் இப்போது அடி எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன. முன்னேற்றம்தான். ஆனாலும் முதல் சுற்றில் கோல்கீப்பரை எடுக்க இன்றும் கை நடுங்குகிறது. டிராஃப்ட் வரலாற்றில் முதலாவதாகத் தேர்வான கோல்கீப்பர்கள் மூன்றே பேர்: 1968இல் மிஷெல் பிளாஸ், 2000இல் டிபியெட்ரோ, 2003இல் மார்க்-ஆந்த்ரே ஃபிளூரி. மூவரில் ஃபிளூரி 575 வெற்றிகளோடு புரோடருக்கு அடுத்த இடத்தில் இருக்கிறார்.

பணம் ஒரே கூடையில்

என்.எச்.எல்.இல் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2025-26இல் 9.55 கோடி டாலர். அதில் 1.15 கோடியை ஒருவருக்கே கொடுத்தால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்களைக் கட்டிமேய்க்க வேண்டும்.

மான்ட்ரியல் அணி தன் கோல்கீப்பர் கேரி பிரைஸை அப்படித்தான் கட்டியது: எட்டு ஆண்டு, 8.4 கோடி டாலர். 2015இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் அவர். 2021இல் முட்டியில் அறுவை சிகிச்சை. 2022 ஏப்ரலுக்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. ஒப்பந்தம் மட்டும் 2026 வரை உயிரோடு இருந்தது. 2025 செப்டம்பரில் மான்ட்ரியல் அந்த ஒப்பந்தத்தை சான் ஹோசே அணிக்கு மாற்றிவிட்டது. ஆடாத ஆள், கணக்குப் புத்தகத்தில் ஊர் மாறினார்.

தலைவராகவும் முடியாது

தோனியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விசித்திரமாக இருக்கும். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், அவரே தலைவர் என்பது நம் வழக்கம். என்.எச்.எல். விதியில் கோல்கீப்பர் தலைவராகவே இருக்கக் கூடாது. 1940களில் மான்ட்ரியல் தலைவர் பில் டர்னன் நடுவரோடு பேச அடிக்கடி வலையை விட்டு வந்ததில் ஆட்டம் நின்று நின்று ஓடியது. எதிரணிகள் முறையிட, விதி வந்தது. 2008இல் வான்கூவர் அணி லுவாங்கோவைத் தலைவர் என்று அறிவித்தது. தலைவருக்கான ‘சி’ எழுத்தைச் சட்டையில் தைக்க விதி விடவில்லை. அவர் முகமூடியில் வரைந்துகொண்டார்.

வண்டி ஓட்டியவரின் ராத்திரி

2020 பிப்ரவரி 22, டொரன்டோ. ஸ்கார்பரோ பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் அவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதையாகச் சொல்வார்கள். விருந்தாளியாக வந்த கரோலினா அணியின் இரண்டு கோல்கீப்பர்களும் ஒரே ஆட்டத்தில் காயப்பட்டார்கள். இப்படி நடந்தால் இறங்குவதற்கென்று ஒவ்வோர் அரங்கிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அன்றைக்கு இருந்தவர் டேவிட் ஏயர்ஸ். வயது 42. டொரன்டோவின் கீழ்நிலை அணி ஆடும் அரங்கில் பனியை மழமழப்பாக்கும் ஸம்போனி வண்டியை ஓட்டியவர். அம்மாவின் சிறுநீரகத்தோடு வாழ்பவர். டொரன்டோ வீரர்களுக்கே பயிற்சியில் வலையில் நின்றவர் என்பதால், எதிரில் வருகிற ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும்.

முதல் இரண்டு அடியும் கோல். அரங்கமே முடிந்தது என்று நினைத்தது. அடுத்து வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3 என்று ஜெயித்தது, கணக்கில் வெற்றி ஏயர்ஸ் பெயரில். தடுப்பு விகிதம் 80 சதவீதம். எண் மட்டும் பார்க்கிற ஆளுக்கு அது படுமோசம். கரோலினா தடுப்பாளர்கள் அன்றைக்கு அவர் முன்னால் விழுந்து புரண்டு அடிகளையே வரவிடாமல் செய்தார்கள். மூன்றாம் பகுதியில் இருபது நிமிடத்தில் வந்தவை ஏழே அடிகள். தடுப்பு விகிதம் எதைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து போக முடியுமா?

ரேஸ்கோர்ஸ் ஆட்டங்களுக்குப் பிறகு எழுந்த கேள்வி இது. மதுரைக்குத் தெற்கே நூறு கிலோமீட்டரில் இருக்கும் கோவில்பட்டி, தலைமுறைகளாக ஹாக்கி ஆடும் ஊர். அங்கே வலையில் நிற்கும் பையன் ஐஸுக்கு மாறினால் எது உதவும், எது உதவாது?

1. கோணம் பார்க்கும் கண் உதவும். கோபுரத்தைக் கையால் மறைக்கும் கணக்கு இரண்டு ஆட்டத்துக்கும் பொது.

2. பொறுமையும் உதவும். கேரளத்தின் ஸ்ரீஜேஷ் 2021 டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் வெண்கலம் வென்ற இந்திய அணியின் வலையில் நின்றார். ஓய்வு பெறும்போது வயது 36. கோல்கீப்பர் நாளாகிப் பழுப்பது எந்தத் தளத்திலும் ஒன்றுதான்.

3. கை உதவாது. புல்தரையில் பந்தைத் தடுக்கலாம், பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஐஸில் இடது கையில் அகன்ற பிடியுறை. பக்கை லபக்கென்று பிடித்து மூடிக்கொண்டால் ஆட்டம் நிற்கும். பிடிப்பதைப் பொறுத்தவரை அந்தப் பையனுக்குத் தெரு கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நின்ற அனுபவம்தான் கைகொடுக்கும்.

4. காலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர்தான் அணியிலேயே சிறந்த சறுக்காளராக இருக்க வேண்டும் என்பார்கள். நிற்பது, நகர்வது, விழுவது, எழுவது எல்லாம் இரும்பு விளிம்பின் மேல். இதற்கு ஐந்தாறு வயதிலேயே பனி வேண்டும்.

பனி இந்தியாவில் இருக்கிறது, லடாக்கில். இந்திய ஐஸ் ஹாக்கியின் ஆண், பெண் அணிகளுக்கு முதுகெலும்பே லேயும் கார்கிலும் சுற்றியுள்ள கிராமங்களும்தான். பெண்கள் அணி 2025இல் அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. அவர்களில் பலர் சறுக்கக் கற்றது ஊர்க் குளங்களில். குளம் டிசம்பரில் உறையும். பிப்ரவரி முடிவதற்குள் விளிம்பில் தண்ணீர் கசியத் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு வருஷத்துக்கான அடிகளை வாங்கிக்கொள்ள வேண்டும்.